லிட்டருக்குப் பதின்மூன்று

ஜனவரி 24, சனி

அத்தையைத் தில்லை நகரில் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். என் காரில்தான். திருமணத்துக்கு முன்பே என் சம்பளத்தில் வாங்கிய சின்ன கார். பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். ஆனால் லால்குடி சாலையில் இருக்கும் என் கல்லூரிக்கு ஒரு நாளும் என்னைத் தாமதமாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.

டாக்டர் வேலை முடிந்ததும் நான் மருந்துக் கடை வரிசையில் நிற்கப் போனேன். அத்தை வண்டியிலேயே இருப்பதாகச் சொன்னார். ஏ.சி.யை ஓடவிட்டுப் போகச் சொன்னார். தை மாதத்துக் காற்றில் எனக்கு அது தேவையாகவே படவில்லை. திரும்பி வந்தபோது இருக்கையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, சாமி முன்னால் உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார்.

“சாவிய எந்தப் பக்கம் திருப்புன மணி?” என்று கேட்டார். மணிமொழி என்கிற நான் அவருக்கு மணி.

காட்டினேன். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்க வேண்டும், கை பிரேக்கை இழுத்து வைக்க வேண்டும், இந்தக் குமிழைத் திருப்பினால் குளிர்ச்சி. அத்தைக்கு ஐம்பத்திரண்டு வயது. சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

“அவ்ளோதானா?” என்றார்.

பிப்ரவரி 13, வெள்ளி

மாலை டேங்க் நிரப்பினேன். வெள்ளிதோறும் வழக்கம். முதல் ‘டக்’ சத்தத்தோடு நிறுத்தச் சொல்லி, அந்த வாரம் ஓடிய தூரத்தை லிட்டரால் மனதுக்குள் வகுத்துப் பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டு. எப்போதும் பதினேழுக்குப் பக்கத்தில் வரும். இரண்டு மூன்று வாரமாக இறங்கிக்கொண்டே வந்தது. இன்று பதின்மூன்று.

இதைச் சாப்பிடும்போது சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மாமா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“பதிமூணா? இத்தனூண்டு வண்டி பதிமூணா குடுக்குது?”

“டிராஃபிக்கா இருக்கும்ப்பா” என்றான் கண்ணன். என் கணவன். முழுப் பெயர் கமலக்கண்ணன். எதையும் லேசாக எடுத்துக்கொள்வான். அதற்காகத்தான் பிடித்தது.

“டிராஃபிக் இல்லடா. காலு.” மாமா மேசைக்கு அடியில் தன் வலது காலை ஆட்டிக் காட்டினார். “மனுசன் குணம் பூரா அந்தக் கால்லதான் இருக்கு. அவசரக்காரன், கோவக்காரன், வீட்ல சண்ட போட்டுட்டு வந்தவன், எங்க டிப்போவுல எல்லாரையும் டீசல் காட்டிக் குடுத்துரும்.”

அத்தை ரசம் ஊற்ற வந்தவர் கரண்டியோடு அப்படியே நின்றார். “போதும் அத்தை” என்றேன். அவர் இன்னும் ஊற்றவே இல்லை என்று பிறகுதான் கவனித்தேன்.

பிப்ரவரி 16, திங்கள்

கார் ஷெட்டில் கரும்பலகை மாட்டியாயிற்று. மாமாவே துளை போட்டு, மட்டம் பார்த்து மாட்டினார். மேலே ‘கே.எம்.பி.எல்.’ என்று எழுதிக் கட்டம் போட்டார். கீழே இரண்டு பெயர்கள். கமலக்கண்ணன். மணிமொழி.

மாமா அரசு பஸ் டிப்போவில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே இப்படி ஒரு பலகை இருக்குமாம். எந்த டிரைவர் ஒரு லிட்டரில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதிப் போடுவார்களாம். குறைந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு அதைத் தாண்டிப் போவார்கள் என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பிரகாசம்.

விதிகள்: வெள்ளி மாலை நிரப்பும் டேங்க் என் கணக்கு. வார இறுதியில் கண்ணன் ஓட்டுவான், ஞாயிறு மாலை நிரப்புவது அவன் கணக்கு. ஒரே பங்க், ஒரே பம்ப்.

காலையில் வண்டியை எடுக்கும்போது என் பெயரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. குனியவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

கண்ணன் நண்பர்களோடு தஞ்சாவூர் போய் வந்தான். நாலு வழிச் சாலை, ஒரே சீரான வேகம், பிரேக்கைத் தொட வேண்டிய வேலையே இல்லை. பத்தொன்பது. மாமா அதை எழுதிவிட்டு இரண்டடி பின்னால் நின்று பார்த்தார். என் பெயருக்கு நேரே பதின்மூன்று.

“மாமா, ஒரு வாரம் உங்க மகன நம்பர் ஒன் டோல்கேட் நெரிசல் வழியாக் காலைல எட்டு மணிக்குப் போகச் சொல்லுங்க” என்றேன்.

“ரூட்டக் கொற சொல்ற டிரைவர நெறயப் பாத்துட்டேன்மா.”

கார் கம்பெனி சொல்லும் எண் இருபத்தொன்று. அது எப்படி வருகிறது என்று தேடிப் படித்தேன். மூடிய கூடத்துக்குள், சுழலும் உருளைகளின் மேல் சக்கரத்தை வைத்து, நின்ற இடத்திலேயே ஓட்டிப் பார்ப்பார்களாம். அங்கே ஏ.சி. கிடையாது. எதிர்க்காற்று கிடையாது. குறுக்கே வரும் மாடு, ஷேர் ஆட்டோ, கொள்ளிடம் பாலத்தில் பஞ்சராகி நிற்கும் கரும்பு லாரி எதுவும் கிடையாது.

பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் உருளை மேல்தான் ஓடினோம் என்று தோன்றுகிறது. “எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணுக்குப் பூரண சுதந்திரம்” என்று மாமா அன்று சொன்னார். அது பொய் என்று சொல்ல மாட்டேன். கூடத்துக்குள் அந்த எண் வந்திருக்கும். நானும் சமையல் நன்றாக வரும் என்று சொன்னேன்.

மார்ச் 3, செவ்வாய்

டயர்களில் காற்று சரியாக இருக்கிறது. ஏர் ஃபில்டர் புதிதாக மாற்றியாயிற்று. சர்வீஸ் சென்டரில் ஒரு பையன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு “வண்டி பக்காவா இருக்கு மேடம்” என்று மூடினான்.

எழுதி வைக்கத் தேவையில்லாத சில சில்லறை விஷயங்களும் உண்டு. இன்று காலை ஏ.சி. குமிழ் நாலில் இருந்தது. நான் ஒன்றுக்கு மேல் வைப்பதில்லை. இடது இருக்கை சாய்ந்திருந்தது. நேற்று அதில் உட்கார்ந்து வந்தது என் பை மட்டும். லிட்டருக்கு எவ்வளவு என்று காட்டும் சின்னத் திரையில், நேற்று மதியம் ஷெட்டில் நிறுத்தும்போது பதினாறு சொச்சம். இன்று காலை பதினைந்துக்குக் கீழே. இடையில் வண்டி எங்கும் போகவில்லை. இந்த மாதிரித் திரைகள் சில நேரம் தப்பாகக் காட்டும். உள்ளே லேசாகத் தலைவலித் தைலத்தின் வாசனை. கண்ணன் பூசியிருப்பான்.

மார்ச் 5, வியாழன்

வெயில் ஆரம்பித்துவிட்டது. கல்லூரி ஒன்றரைக்கு முடிகிறது, காலை ஷிஃப்ட். வீடு வந்து சாப்பிட்டு, மாடியில் எங்கள் அறைக் கதவைச் சாத்தி, ஏ.சி. போட்டு, நாலரை வரை விடைத்தாளோ புத்தகமோ. அந்த நேரம் மாமா ஓய்வூதியர் சங்கத்துக்குக் கேரம் ஆடப் போய்விடுவார். வீடு முழுக்க எனக்கும் அத்தைக்கும்தான். அப்படியும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

இன்று காலை அத்தை தோசை ஊற்றிக்கொண்டிருந்தவர் திடீரென்று அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைப்புறக் குழாயில் தலையைக் காட்டினார். புடவையெல்லாம் நனைந்தது. ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார்.

“கீழயும் ஒரு ஏ.சி. வெச்சா என்ன?” என்று மாமாவிடம் கேட்டார். ஏதோ கடைத்தெருவில் பார்த்த பாத்திரத்தைப் பற்றிக் கேட்பது போல.

“நம்ம வயசுக்கு எதுக்கு ஏ.சி.? மூட்டு புடிச்சுக்கும். ஃபேனே போதும்.”

மார்ச் 6, வெள்ளி

பதின்மூன்று.

மாமாவின் உத்தரவு: ஒரு வாரம் வண்டியில் ஏ.சி. போடக் கூடாது. கண்ணாடியை இறக்கிக்கொள்ள வேண்டும். சரி என்றேன். அவர் நம்பும் எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே செய்து, அவர் முன்னால் அது தோற்பதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

மார்ச் 11, புதன்

டோல்கேட் சந்திப்பில் லாரிப் புகை முழுக்க எனக்குள். முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். இரண்டாம் வரிசைப் பெண் ஒருத்தி, “மேம், நீங்க வண்டி வித்துட்டீங்களா? பஸ்ல வந்த மாரி இருக்கீங்க” என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பஞ்சங்களின் வரலாறு நடத்த வேண்டிய நாள். நல்ல பொருத்தம்.

மார்ச் 13, வெள்ளி

ஏ.சி. இல்லாமல் பதின்மூன்றரை. மாமா அந்த அரையை எழுதவில்லை.

“டிப்போவுல மார்ச் முப்பத்தொண்ணோட வருசக் கணக்க முடிப்போம். அதுக்குள்ள பதினேழத் தொடல, சாவியக் கண்ணன்ட்டக் குடுத்துரு. நீ பஸ்ல போ. பாஸ் நானே எடுத்துத் தர்றேன்.”

அவர் கத்தவில்லை. நல்ல மனிதர்கள் கத்துவதில்லை.

இங்கிருந்து சத்திரம் பேருந்து நிலையம், அங்கிருந்து லால்குடி பஸ். முதல் வகுப்புக்கு ஆறரைக்கே கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் சமையல். ஒரு மாதம் ஓடும். பிறகு “எதுக்கும்மா இந்த அலைச்சல்?” என்று யாராவது கேட்பார்கள், அன்பாகத்தான். என்னோடு படித்த இரண்டு பேர் இப்படித்தான், யாரும் போகாதே என்று சொல்லாமலே, வேலையை விட்டார்கள்.

நான் விடமாட்டேன். இதைப் பெரிய எழுத்தில் எழுத நினைத்தேன். சாதாரண எழுத்தே போதும்.

மார்ச் 17, செவ்வாய்

மதியம் மூன்று மணிக்குச் சிவப்புப் பேனா எடுக்கக் கீழே போனேன். வண்டியில் இருக்கும் என்று ஷெட் வரைக்கும் போனேன். திரும்பி வந்துவிட்டேன். பேனா கிடைக்கவில்லை.

மார்ச் 18, புதன்

எழுத ஒன்றுமில்லை. கத்தரிக்காய் நறுக்கினேன். அத்தை எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தார். நன்றாக இருந்தது.

மார்ச் 20, வெள்ளி

சரி, எழுதிவிடுகிறேன். மதியம் மறுபடி கீழே போனேன். எங்கள் ஷெட் மேலே தகரம் போட்டு, மூன்று பக்கமும் திறந்தது. வண்டி மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. மாடியில் ஏ.சி. சத்தத்தில் அது எப்படிக் கேட்கும்? இடது இருக்கையில் அத்தை. செருப்பைக் கழற்றி வெளியே ஒழுங்காக விட்டிருந்தார், வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரி.

கதவைத் திறந்ததும் பதறி எழப் பார்த்தார். “சும்மா... வண்டியத் தொடைக்கலாம்னு...”

“உக்காருங்க அத்தை.” நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.

அத்தை மெல்ல இருக்கையில் சாய்ந்தார்.

“திடீர்னு வருது மணி. அடிவயித்துலேருந்து ஏறுது. யாரோ உள்ள அடுப்பப் பத்தவெச்ச மாரி. நெஞ்சு படபடன்னு அடிக்கும், வேத்து ஊத்தும், அப்புறம் அடங்கிரும். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ. மாசாமாசம் வர்றது நின்னு போச்சுல்ல, அதான். எங்கக்காளுக்கும் இருந்துச்சு.”

“டாக்டர்கிட்ட போகலாமே?”

“போவணும்னா அவர்ட்டச் சொல்லணும். என்னன்னு சொல்ல?”

“மாடிக்கு வந்திருக்கலாம்ல?”

“உங்க ரூமுக்கா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். “நல்லாருக்கும் போ.”

பிறகு முன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார். “இதுல கதவச் சாத்துனா ஒரு சத்தமும் வர்றதில்ல பாரேன். காலிங் பெல்லு, குக்கரு, ‘ஏய் எங்க இருக்க’, ஒண்ணும் வர்றதில்ல. ஒரு மணி நேரம் நான் எங்கயும் இல்ல.”

எதிரே பலகை. என் பெயரும் பதின்மூன்றும் சரியாகக் கண்ணுக்கு நேரே.

“நின்ன வண்டிகூடப் பெட்ரோல் குடிக்கும்னு எனக்குத் தெரியாது மணி. அவரு அன்னைக்குச் சாப்புடறப்ப பேசுனதுலதான் தெரிஞ்சுது. நாலு நாள் வராமப் பாத்தேன். முடியல. ஒன்ன மாட்டி விட்டுட்டேன்ல?”

“வாரத்துக்கு நாலு லிட்டர் இருக்கும் அத்தை. அவ்ளோதான்.” குமிழை நாலிலேயே விட்டேன்.

மாலை டேங்க் நிரப்பினேன். பதின்மூன்று. பார்க்காமலே சொல்லியிருப்பேன்.

மார்ச் 24, செவ்வாய்

ஒரு வழி இருக்கிறது. கல்லூரி போகும் வழியில், வாளாடியில் வேறொரு பங்க் உண்டு. யாருக்கும் தெரியாமல் அங்கே நாலு லிட்டர் போட்டுக்கொண்டால் வெள்ளியன்று என் எண் பதினேழைத் தொட்டுவிடும். மாமா மகிழ்வார், அத்தைக்கு அவர் ஒரு மணி நேரம், எனக்கு என் சாவி.

நேற்றும் இன்றும் அந்தப் பங்க் வரும்போது வேகத்தைக் குறைத்தேன். உள்ளே திருப்பவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்த எண்ணை வாங்கிக் காட்டினால், என் வண்டியை ஓட்ட நான் பாஸ் மார்க் வாங்கியாக வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்தான் இருக்கிறது. கூடத்து ஆணியில் அந்தச் சாவியை மாட்டியதும் நான்தான். யாரும் கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் வாசல் பக்கம் ஆணி இருந்தது, மாட்டினேன். எத்தனையோ தேசங்கள் சண்டையில்லாமல் கைமாறிய கதையை வகுப்பில் நடத்துகிறேன். ஆணியைப் பற்றி ஒரு வரிகூட எந்தப் பாடத்திலும் இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

மாமா பரீட்சை வைத்தார். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வர, என் கல்லூரி வழியிலேயே இரண்டு தடவை போய் வர வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, அவர் இந்தச் சாலையைக் கண்ணால் பார்க்கட்டும் என்று தோன்றியது.

“கிளட்ச்ல கால வெச்சுக்கிட்டே ஓட்டாத.”

“வைக்கல மாமா.”

குனிந்து பார்த்தார். வைக்கவில்லை.

சஞ்சீவி நகர் சிக்னல் தூரத்திலேயே சிவப்பு. காலை எடுத்துவிட்டேன். வண்டி தானாக உருண்டு போய்ச் சேர்வதற்கும் பச்சை விழுவதற்கும் சரியாக இருந்தது. பிரேக்கே தொடவில்லை. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“யாரு சொல்லிக் குடுத்தது?”

“யாருமில்ல. நிக்கப்போற எடத்துக்கு எதுக்கு வேகமாப் போகணும்?”

கொள்ளிடம் பாலத்தில் எதிர்க்காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளியது. அவர் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு ஏற்றினார். டோல்கேட்டில் ஞாயிற்றுக்கிழமைகூட நெரிசல். இரண்டாம் சுற்றில் வாளாடி தாண்டும்போது, “இந்த மாரி நாலு டிரைவர் எங்கிட்ட இருந்திருந்தா...” என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டதில் எரிச்சலாகவும் இருந்தது.

பதினெட்டு.

மாமா நேர்மையானவர். பலகைக்கு முன்னால் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் பதினெட்டைப் பெரிதாக எழுதினார். “ஞாயித்துக்கெழமன்னு ஒண்ணு கழிச்சாலும் பதினேழு. காலு நல்ல காலு.” பிறகு சாக்கட்டியைக் கையில் உருட்டினார். “அப்ப, எவனோ டேங்க்ல கை வெக்கிறான். எதிர் வீட்டுக்குக் கார் கழுவ வர்றானே, அவன் முழியே சரியில்ல. நாளைக்கு அவங்க வீட்ல சொல்லிர்றேன். மத்தியானம் இனிமே நான் சங்கத்துக்குப் போகல. இங்கயே சேர் போட்டு உக்காந்துக்கறேன். சாவி என் பீரோவுல இருக்கட்டும்.”

அத்தை கையில் காபித் தட்டு. டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. நான் அவர் பக்கம் பார்க்கவில்லை.

“யாரும் கை வைக்கல மாமா. நான்தான்.”

“நீயா?”

“மத்தியானம் வண்டியில ஏ.சி. போட்டு உக்காந்து படிப்பேன்.”

“மாடியில ஏ.சி. இருக்கே?”

“இருக்கு. அது உங்க வீடு. இது என் வண்டி.”

முதலில் சொன்னது பொய். கடைசியாகச் சொன்னது இந்த வீட்டில் நான் இதுவரை பேசியதிலேயே பெரிய உண்மை. இரண்டும் ஒரே குரலில் வந்தன.

மாமாவின் முகம் மூடிக்கொண்டது. “நின்ன வண்டிய ஓடவிட்ட டிரைவருக்கு நான் மெமோ குடுத்திருக்கேன்.”

“குடுங்க.”

கூடத்துக்குப் போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாடியில் கண்ணன், “ஒரு சாரி சொல்லிட்டா முடிஞ்சுரும்ல?” என்றான்.

“எது முடிஞ்சுரும்?”

தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டே, “நீ வண்டியில போய் உக்காந்து படிக்கிற ஆளே இல்லையே மொழி” என்றான்.

“அப்ப யாருன்னு யோசி. உனக்கும் வீடுதானே இது.”

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தான். அல்லது யோசிப்பது போல உட்கார்ந்திருந்தான்.

மார்ச் 30, திங்கள்

மதியம் மாமா ஷெட்டில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் செய்தித்தாள். அத்தை சமையலறைத் தரையில் ஈரத்துண்டை விரித்துப் படுத்திருந்தார். “மாடிக்கு வாங்க” என்றேன். தலையை ஆட்டினார். அது சரியா வேண்டாமா என்று தெரியவில்லை. வரவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

வருசக் கணக்கு முடிந்தது.

கல்லூரியிலிருந்து வந்து வண்டியை ஷெட்டில் நிறுத்தும்போது மாமா பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். என் பெயருக்கு நேரே சராசரி பதின்மூன்று. பக்கத்தில் சிவப்புச் சாக்கட்டியால், ‘வண்டி நிறுத்தம்’. பதினெட்டை அழித்துவிட்டிருந்தார்.

“பதினெட்ட ஓட்டுனது உண்மதான். ஆனா ஒழுங்கு ஒழுங்குதான்” என்றார். “சாவியக் குடுத்துரும்மா.”

“தரமாட்டேன் மாமா.”

இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல நான் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தேன். அடுத்து என்ன என்று பார்த்து வைக்கவில்லை. அப்போது அத்தை கொல்லைப்புறமாக வந்தார். கைகள் ஈரம், முகம் சிவந்து, நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. நேராக மாமா கையிலிருந்த சாக்கட்டியை வாங்கினார். என் பெயருக்குக் கீழே எழுதத் தொடங்கினார். உருண்டையான எழுத்து. நான் அதுவரை அவர் எழுதிப் பார்த்ததில்லை.

அம்சவல்லி. அதற்கு நேரே ஒரு பெரிய சைபர்.

“என்ன இது?” என்றார் மாமா.

“எம் பேரு.”

“ஒனக்கு வண்டியே ஓட்டத் தெரியாதே.”

“தெரியாதுல்ல? அதான் சைபர் போட்டேன். அவ பொய் சொல்றா. உக்காந்தது நானு.”

“நீயா? எதுக்கு?”

“எதுக்கா?” அத்தையின் குரல் உயரவில்லை. “முப்பது வருசம் பஸ் இஞ்சின் சூடாவுதா, ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துனானான்னு ராத்திரி பகலாப் பாத்தீங்கல்ல? பக்கத்துல படுத்திருக்கவ ரெண்டு வருசமாக் கொதிக்கிறா. ஒரு நாள் தொட்டுப் பாத்தீங்களா?”

மாமா என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன்.

“சாவியக் குடு மணி.”

கொடுத்தேன். அத்தை செருப்பைக் கழற்றவில்லை. இந்தத் தடவை ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். கியரை ஆட்டிப் பார்த்தார். கை பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். வண்டி உறுமியது. மாமா கண்ணாடிக்கு வெளியே நின்றார், டிப்போவில் பஸ்ஸைத் தட்டி நிறுத்தும் ஆள் போல ஒரு கை வண்டியின் மேல்.

கண்ணாடி நாலு விரல் இறங்கியது.

“ஏர்றதுன்னா அந்தப் பக்கமா வந்து ஏறுங்க. இல்லாட்டிக் கையை எடுங்க. குளுச்சி போவுது.”

மாமா வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்தார். இடது கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, டிக்கெட் எடுக்காமல் ஏறிவிட்டவர் மாதிரி. கதவு சாத்தப்பட்டது. அத்தை ஏதோ சொல்வது தெரிந்தது. கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதானே அந்தக் கதவு.

மாடிக்குப் போனேன். சிவப்புப் பேனா என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது.

ஏப்ரல் 1, புதன்

காலையில் பலகை புதிதாக இருந்தது. மாமா பழையதையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, புது வருடத்துக்குக் கட்டம் போட்டிருந்தார். இப்போது மூன்று பெயர்கள். முதலில் அம்சவல்லி. அதற்கு நேரே எண் கேட்கும் கட்டமே இல்லை. கோடு அங்கே வராமல் நின்றுவிட்டது. அதற்குக் கீழே கமலக்கண்ணன். அதற்குக் கீழே மணிமொழி, அளந்து போட்ட கட்டங்களோடு. ‘வண்டி நிறுத்தம்’ இல்லை.

அவருக்கு அது பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். மன்னிப்பு என்று அவர் எழுதக்கூடிய ஒரே எழுத்து அதுவாக இருக்கலாம். சனிக்கிழமை அத்தையை லேடி டாக்டரிடம் கூட்டிப் போக அவரே நேரம் கேட்டு வைத்திருக்கிறார். பின் இருக்கையில் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இருந்தாலும், போகும்போது என் பெயரை உள்ளங்கையால் துடைத்தேன். மாமா வாசலில் பால் பாக்கெட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா?”

“என் வண்டி எவ்ளோ குடிக்குதுன்னு எனக்குத் தெரியும் மாமா. பலகை வேணாம்.”

அவர் பால் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். வழியை விட்டு நகர்ந்து நின்றார்.

கூடத்து ஆணி காலியாக இருக்கிறது. ஒரு சாவி என் பையில். எங்கள் அறைப் பீரோ அடியில் கிடந்த, வண்டியின் மாற்றுச் சாவி இப்போது அத்தையின் அஞ்சறைப் பெட்டியில், சோம்புக்கும் மிளகுக்கும் நடுவே.

ஸ்டீயரிங் முழுக்கச் சாக்கட்டித் தூள். கொள்ளிடம் பாலத்தில் நல்ல எதிர்க்காற்று. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யை இரண்டில் வைத்தேன்.